சென்டர் கன்சோல் படகு: கொந்தளிக்கும் கரைக்கடலுக்குப் பழைய படகைத் தேர்ந்தெடுத்தல்

சென்டர் கன்சோல் படகு என்பது மேல்மூடி இல்லாத ஒரு விசைப்படகு வகை. சுக்கான் சக்கரம், எஞ்சின் விசைகள், ஜி.பி.எஸ். முதலியவை தளத்தின் நடுவே நிற்கும் மேடையில் இருக்கும். ஓட்டுபவர் அதன் பின்னால் நின்று ஓட்டுவார். மேடையைச் சுற்றி நடக்க முடிவதால், தூண்டிலில் சிக்கிய பெருமீன் எந்தப் பக்கம் ஓடினாலும் கூடவே சுற்றி வரலாம். தமிழகக் கரையின் ஃபைபர் படகில் எஞ்சினை இயக்குபவர் பின்கோடியில் அமர்கிறார். சென்டர் கன்சோலில் அவர் நடுவுக்கு வந்துவிடுகிறார்; அணியம் எனப்படும் முன்பகுதியைவிட அங்கே தூக்கிப்போடல் குறைவு, முன்வரும் அலையும் தெளிவாகத் தெரியும். தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அமைவதால், உள்ளே விழும் கடல்நீர் பின்பக்க வடிகால் துளைகள் வழியே தானே வெளியேறிவிடும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மிகப் பரவலாகக் காணப்படும் மீன்பிடிப் படகுகளில் இது ஒன்று. புதிய படகின் விலை பலருக்கு எட்டாது. நன்றாகக் கட்டிய ஃபைபர் உடல் பல பத்தாண்டுகள் நிலைக்கும். எனவே பழைய படகுக்கு அங்கே பெரிய சந்தை உண்டு.

இவ்வகையின் வரலாற்றில் சி. ரேமண்ட் ஹன்ட் என்ற வடிவமைப்பாளரின் பங்கு பெரிது. 1958-இல் வெளிவந்த 13 அடி பாஸ்டன் வேலர் அவர் பங்களிப்பில் உருவானது. இரு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய அந்தப் படகு, இரண்டாக அறுத்தாலும் மிதந்தது. அவருடைய ஆழமான ‘வி’ வடிவ அடிப்பகுதி அதைவிட முக்கியமானது. 1960-இல் அந்த அடிப்பகுதி கொண்ட ‘மாப்பி’ என்ற படகில் ரிச்சர்ட் பெர்ட்ராம் குழுவினர் மயாமி–நசாவ் பந்தயத்தைக் கடுமையான கடலில் வென்றனர். அதன்பின் கரைக்கடல் படகின் அடிப்பகுதி பற்றிய எண்ணமே மாறியது. மயாமி வட்டாரத்தின் சீகிராஃப்ட், மேக்கோ ஆகிய நிறுவனங்களும், வட கரோலினாவின் கிரேடி-ஒயிட், ரெகுலேட்டர் ஆகிய நிறுவனங்களும் இந்த வகையில் பெயர் பெற்றன. 1970-களின் 23 அடி சீகிராஃப்ட் உடல்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் இன்றும் இருக்கிறார்கள்.

படகைப் பார்க்கும் முன் கடலைப் பார்க்க வேண்டும். வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹட்டராஸ் முனைக்கு வெளியே கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடகிழக்கு நோக்கிப் பாய்கிறது. வாடைக்காற்று அதை எதிர்த்து வீசும்போது அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுகின்றன. 1846-ஆம் ஆண்டுப் புயலில் திறந்த ஆரிகன் இன்லெட் என்ற முகத்துவாரத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வற்றத்தின்போது வெளியேறும் நீர் உள்வரும் அலையோடு மோதும். இத்தகைய இடங்களில் அலையின் உயரத்தை மட்டும் கேட்டால் போதாது. 10 விநாடிக்கு ஒருமுறை வரும் மூன்றடி அலையில் படகு மிதந்து ஏறி இறங்கும். 4 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அதே மூன்றடி முதுகெலும்பை உலுக்கும்.

இந்தக் குறுகிய அலையைச் சமாளிப்பது அடிச்சாய்வு, அதாவது அடிப்பகுதி, நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து இருபக்கமும் மேலேறும் கோணம். டிரான்சம் எனப்படும் பின்சுவரில் இது 24 பாகை அளவுக்கு இருந்தால் ஆழமான ‘வி’ என்பர். படகு அலையை அறுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். அதற்கு விலையும் உண்டு. நங்கூரமிட்டு நிற்கையில் இத்தகைய படகு அதிகம் உருளும், கூடுதல் குதிரைத்திறனும் எரிபொருளும் கேட்கும். 18 முதல் 20 பாகை வரை உள்ளவை நிற்கும்போது நிதானமானவை. எதிரலையில் சற்று அடிக்கும். கோணத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு. எடை, அணியத்தின் கூர்மை, தெறிக்கும் நீரை வெளியே தள்ளும் அணியத்தின் விரிவு, பக்கச்சுவரின் உயரம் எல்லாம் சேர்ந்தே ஒரு படகைக் கடலுக்கு ஏற்றதாக்குகின்றன. இலேசான அகலப் படகு கரையில் விசாலமாகத் தெரியும்; கடலில் அந்த விசாலமே அடி வாங்கும்.

பழைய படகில் பின்பக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1970, 80-களின் பல படகுகளில் எஞ்சினுக்காகப் பின்சுவர் தாழ வெட்டப்பட்டிருக்கும். பின்தொடரும் அலை அவ்வழியே உள்ளே ஏறும். பிற்காலத்தில் முழு உயரச் சுவர் கட்டி, எஞ்சினை வெளியே தாங்கியில் மாட்டும் முறை பரவியது. பழைய உடலில் பின்னர் பொருத்திய தாங்கி, எடையை இன்னும் பின்னே தள்ளும். அந்தக் காலப் படகுகள் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் எடைக்கு வரையப்பட்டவை. அதிக எடையுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக்கை மாட்டினால் பின்பக்கம் தாழும். சோதனை எளிது: டேங்கை நிரப்பி, இருவர் பின்மூலையில் நிற்கட்டும். வடிகால் வழியே நீர் தளத்துக்கு ஏறினால் படகின் சமநிலை கெட்டிருக்கிறது.

மிகப் பெரிய செலவுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. பழைய டிரான்சம்களில் பெரும்பாலானவை ஃபைபருக்குள் பிளைவுட் வைத்துக் கட்டியவை. திருகுத் துளைகளின் வழியே நீர் புகுந்தால் மரம் உளுத்துவிடும், வெளியே ஜெல்கோட் மேற்பூச்சு பளபளப்பாகவே இருக்கும். எஞ்சினைப் பாதி தூக்கி அதன் கீழ்ப்பகுதியை அழுத்திப் பார்க்க வேண்டும். சுவர் அசைந்தால் சந்தேகப்பட வேண்டும். சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் திடமான இடம் ‘டக்’ என்று தெறிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் விட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். மிதப்புக்காக நிரப்பிய நுரை நீர் உறிஞ்சியிருந்தால், படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லரின் எடையைக் கழித்துத் தயாரிப்பாளர் தந்த எடையோடு ஒப்பிடும்போது அது தெரியவரும்.

எரிபொருள் டேங்க் அடுத்த கவலை. தளத்துக்கு அடியில் நுரைக்குள் புதைத்த அலுமினிய டேங்குகள், ஈரம் தேங்கும் இடங்களில் அரித்துத் துளையாகும். 15, 20 ஆண்டு கடந்த படகில் டேங்கை மாற்றும் செலவையும் விலையோடு கணக்கிட வேண்டும். பல படகுகளில் அதற்காகத் தளத்தையே வெட்ட நேரிடும். மிகப் பழைய ஃபைபர் டேங்குகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் பிசினைக் கரைத்து எஞ்சினுக்கு அனுப்பிவிடும்.

எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி கியர் எண்ணெய் பால்நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. புதிய எஞ்சின்களில் ஓடிய மணிநேரத்தைக் கணினிப் பதிவிலிருந்து எடுக்கலாம்.

1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் கட்டப்படும் ஒவ்வொரு படகுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாள எண் கட்டாயம். டிரான்சத்தின் வலப்பக்கம் இருக்கும் அதை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். புயலில் மூழ்கிக் காப்பீட்டில் கழிக்கப்பட்ட படகுகள் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் விலைக்கு வருவதுண்டு. அடித்தொட்டியில் புதிதாகப் பூசிய பெயின்ட் விசாரிக்க வேண்டிய ஒன்று. 20 அடிக்குக் குறைந்த வெளிஎஞ்சின் படகு நீர் நிரம்பினாலும் சமமாக மிதக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு அந்த உறுதி இல்லை; 23 அடிப் படகு வாங்குபவர் மிதப்பு நுரை இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

கடலோட்டச் சோதனை அலையில்லாத காலையில் நடந்தால் பயனில்லை. காற்றுள்ள நாளில் எதிரலை, பக்க அலை, பின்னலை மூன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எதிரலை உடலின் வலிமையைக் காட்டும். பின்னலையிலோ அணியம் நீரில் குத்திப் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும் ஆபத்து வெளிப்படும். முகத்துவாரங்களில் படகுகள் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேய்ந்த எஞ்சினோடு விற்கும் திடமான உடல், புது எஞ்சினோடு விற்கும் உளுத்த உடலைவிட மேல். எஞ்சினை ஒரு நாளில் மாற்றலாம். டிரான்சமும் ஸ்ட்ரிங்கரும் படகையே பிரித்துக் கட்டும் வேலை. விற்பவர் பரிந்துரைக்காத, வாங்குபவரே அமர்த்திய சர்வேயர் ஒருவர் படகை நீரிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் கடலோட்டச் சோதனைக்கும் சம்மதிக்காதவரிடம் படகு வாங்காதீர்கள்.