மஞ்சளா, வெள்ளையா?



போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பிளவக்கல் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். முதல் ராத்திரியே, "ஏய்யா, லைட்டு ஏன் இப்படி நீலமா எரியுது? தூக்கமே வரமாட்டேங்குதே" என்றார்கள். பல்பு பழைய பல்புதான். மாறியது கண். வயதானால் விழிலென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைப் பெருமளவு தடுத்துவிடும். அந்த லென்ஸை எடுத்ததும் நீலம் தாராளமாக உள்ளே வருகிறது. 34 வருடம் இயற்பியல் நடத்திய எனக்கு அம்மா சொல்லித்தான் உறைத்தது!

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டு வெளிச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. என் சின்ன வயதில் அரிக்கேன் விளக்கு. விளக்குச் சுடரின் நிறம் சுமார் 1900 கெல்வின். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. பிறகு காமராஜர் காலத்தில் கம்பம் கிராமம் கிராமமாக நடந்தது. அப்போது வீட்டில் தொங்கிய குண்டு பல்பு சுமார் 2700. அதுவும் மஞ்சள்தான், அதனால் கண் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மாற்றியது டியூப் லைட். 40 வாட் டியூப், 60 வாட் பல்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் தரும். நிறமோ 6500, பகல் வெளிச்சம் மாதிரி. அன்றிலிருந்து வெள்ளை என்றால் வசதி, மஞ்சள் என்றால் இல்லாத வீடு. பெண் பார்க்க வரும் நாளில் டியூப் லைட்டை இரவல் வாங்கி மாட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் டியூபும் இருந்தது. நம் பக்கம் யார் கேட்டோம்?

இதில் ஒரு வேடிக்கை. கெல்வின் எண் கூடக் கூட நிறம் நீலத்துக்குப் போகும். கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள்: இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். நாமோ நீலத்தைக் 'கூல்' என்கிறோம்!

2014-ல் நோபல் பரிசு பெற்ற நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் பூசித்தான் இன்றைய வெள்ளை பல்பு பிறக்கிறது. பூச்சை மாற்றினால் 2700-ம் கிடைக்கும், 6500-ம் கிடைக்கும். ராத்திரியில் நீலம் மிகுந்தால் மூளை பகல் என்று நினைத்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடும். படுக்கை அறைக்கு 2700, பேத்தி படிக்கும் மேசைக்கு 4000, அரிசியில் கல் பொறுக்கும் சமையலறைக்கு வெள்ளை என்று முடிவு செய்தேன்.

வத்திராயிருப்பில் கேட்டால், கடைக்காரத் தம்பி, என்னிடம் படித்தவன்தான், "மஞ்சளா சார்? யாரு வாங்குறாங்க!" என்று சிரித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கி வந்தேன்.

நேற்று ஒன்பதரைக்கெல்லாம் அம்மா தூங்கிவிட்டார்கள்.