கணவன் பெயரில் ஒரு கடவுச் சீட்டு

1921-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்க நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்று ஓராண்டு கூட நிறையாத நேரம். ரூத் ஹேல் என்ற பெண் பத்திரிகையாளர், பிரான்சு நாட்டுக்குச் செல்லக் கருதிக் கடவுச் சீட்டுக் கேட்டார். தம் பெயரில் கேட்டார். பிறந்த நாள் தொட்டு அவருக்கு அதுதான் பெயர். ஊரார் அவரை அறிந்ததும் அந்தப் பெயரால்தான். ஆனால் வெளியுறவுத் துறையின் கண்ணுக்கு அப்படி ஓர் ஆளே தென்படவில்லை! ஏன்? 1917-இல் அவர் ஹேவுட் பிரவுன் என்ற பத்திரிகையாளரை மணந்திருந்தார். ஆகவே "திருமதி ஹேவுட் பிரவுன்" என்று எழுதித்தான் சீட்டுத் தருவோம் என்றனர் அதிகாரிகள்.

உற்று நோக்குங்கள், தோழர்களே! "ரூத் பிரவுன்" என்றுகூட அல்ல. ஹேவுட் என்பது கணவன் பெயர். பிரவுன் என்பது கணவன் குடும்பத்தின் பெயர். மனைவிக்கு மிஞ்சுவது "திருமதி" ஒன்றே.

ஹேல் விடவில்லை, வாதாடினார். துறை அரை அடி இறங்கி வந்தது. "ரூத் ஹேல், திருமதி ஹேவுட் பிரவுன் என்றும் அறியப்படுபவர்" என்று எழுதிக் கொடுத்தது. நம் ஊர்க் காவல் நிலையத்தில் பழங்குற்றவாளியின் பெயரோடு "என்கிற" சேர்த்து எழுதுவார்களே, அதே முறை! சீட்டை ஏற்க மறுத்துவிட்டார் ஹேல். பிரான்சுப் பயணம் நின்றது. கணவர் பிரவுனும் தம் பயணத்தைக் கைவிட்டார். இந்தச் செய்தியில் அவருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

எந்தச் சட்டத்தின் வலிமையால் துறை இப்படிப் பிடிவாதம் செய்தது? இங்கேதான் வேடிக்கை. மணமான பெண் கணவன் பெயரைத்தான் தாங்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆங்கில நாட்டுப் பொதுச் சட்ட மரபோ, ஏமாற்றும் நோக்கமின்றி எவரும் தாம் விரும்பும் பெயரில் வழங்கலாம் என்றே இருந்தது. ஆனால் அந்த மரபின் மற்றொரு கிளையை, பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் 1765-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். மணத்தின் பின் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஓராள் என்பது அது. அந்த ஓராள் யார் என்று கேட்க வேண்டுமா? மனைவியின் உடைமை, ஊதியம், வழக்காடும் உரிமை அனைத்தும் அவனிடம் அடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடைமையும் ஊதியமும் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. பெயரை மட்டும் யாரும் மீட்டுத் தரவில்லை; பறித்த சட்டம் இருந்தால் அல்லவா அதை நீக்குவதற்கு! சட்டம் இல்லாத இடத்தில் வழக்கம் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது. கணவனுடைய சீட்டிலே "உடன் மனைவி" என்று ஒரு வரி எழுதுவார்கள். அதைக் கொண்டு அவன் தனியே போகலாம். அவள் தனியே போக முடியாது.

பெயரோடு நின்றிருந்தால்கூட, பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயரைப் பறித்த அதே எண்ணம் குடியுரிமையையும் பறித்தது. அன்னிய நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து, கணவனின் நாட்டவள் ஆகிறாள் என்றது 1907-ஆம் ஆண்டுச் சட்டம். அன்னிய நாட்டுப் பெண்ணை மணந்த ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை! கலிபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்த எத்தல் மெக்கன்சி, 1909-இல் பிரிட்டிஷ் குடிமகனான பாடகர் ஒருவரை மணந்தார். 1911-இல் அந்த மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1913-இல் பெயரைப் பதியச் சென்றார். "நீ அன்னியள்" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறந்த ஊரை விட்டு நகராத பெண் அன்னியள்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1915-இல் தோற்றது. 1922-இல் வந்த கேபிள் சட்டம் இந்தக் கொடுமையைப் பெரிதும் நீக்கியது, முழுதும் அல்ல. குடியுரிமை பெறத் தகுதியற்றவன் என்று இனத்தால் ஒதுக்கப்பட்டவனை மணந்தவள், 1931 வரை இழந்துகொண்டே இருந்தாள். 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கின் தீர்ப்பு இந்தியரையும் அந்த வரிசையில் நிறுத்தியது. ஆகவே, இந்தியனைக் காதலித்து மணந்த அமெரிக்கப் பெண்ணும் அந்தத் தண்டனைக்கு ஆளானாள்.

ரூத் ஹேல் பயணத்தை விட்டார், போரை விடவில்லை. 1921-இலேயே லூசி ஸ்டோன் சங்கம் தோன்றியது. அதன் தலைவராக அவர் அமர்ந்தார். யார் இந்த லூசி ஸ்டோன்? 1855-இல் மணம் செய்துகொண்டும் தம் பெயரை விடாதவர். அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் மேடை மேடையாய் முழங்கியவர். 1879-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்களித்தபோது, கணவர் பெயரால் பதிய மறுத்ததற்காக அவர் பெயரையே பட்டியலிலிருந்து அடித்தார்கள். அந்த வாக்கை அவர் போடவே இல்லை.

1925-இல் கதவு சற்றே திறந்தது. டோரிஸ் ஃபிளைஷ்மன் தம் சொந்தப் பெயரிலேயே கடவுச் சீட்டுப் பெற்றார். மணமான பெண்களில் இவ்வாறு பெற்ற முதல் அமெரிக்கர் இவரே என்பர். ஆயினும் அத்தகைய சீட்டுகளில் "இன்னாரின் மனைவி" என்ற வால் நீங்காதிருந்தது. அதை அறுத்தது 1937-ஆம் ஆண்டு. அப்போது கடவுச் சீட்டுப் பிரிவின் தலைமையில் இருந்தவர் ரூத் ஷிப்லி என்ற பெண். இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். விடுதியிலும் விருந்திலும் வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சலித்துப்போனதாக ஃபிளைஷ்மனே 1949-இல் எழுதினார். 1955-இல் தம் நூலைக் கணவர் குடும்பப் பெயரையும் சேர்த்தே வெளியிட்டார். அவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுக் காலம் ஓயாது கேட்டவர்கள் அல்லவோ வெட்கப்பட வேண்டும்?

கடவுச் சீட்டில் வென்ற பிறகும் மாநிலங்கள் விடவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்குக் கணவன் பெயர் வேண்டும் என்ற அலபாமா மாநில விதி 1972-இல்கூட உச்ச நீதிமன்றத்தில் நிலைத்து நின்றது. ரூத் ஹேல் பிறந்த டென்னசி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், மணமான பெண் தன் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று 1975-இல் தீர்ப்பளித்தது. அப்போது ஹேல் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று அந்நாட்டில் பெயர் மாற்றம் அவரவர் விருப்பம். விரும்பினால் மணச் சான்றிதழைக் காட்டிக் கடவுச் சீட்டையும் கிரீன் கார்டையும் மாற்றிக்கொள்ளலாம்; விரும்பாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் மனைவிக்குத் திறந்திருந்த வழி கணவனுக்குத் திறக்க நாளாயிற்று. மனைவியின் குடும்பப் பெயரை மணப்பதிவின்போதே ஆண் ஏற்றுக்கொள்ளும் முறை கலிபோர்னியாவில் 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது!

அந்த நாட்டுக்குப் புறப்படும் நம் பெண்களின் நிலை என்ன? குடும்பப் பெயர் என்பதே நம் வழக்கத்தில் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்து உண்டு. வகுப்பறை வருகைப் பதிவேட்டில் நாம் அன்றாடம் அழைப்பது அப்படித்தான். மணமானதும் அந்த எழுத்தைக் கணவன் பெயருக்கு மாற்றுகிறார்கள். தலைப்பெழுத்தோடு தலையெழுத்தும் மாறுவதாக எண்ணமோ, என்னமோ! மாற்றச் சொல்லும் சட்டம் இந்தியாவிலும் இல்லை. கடவுச் சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் அவளுடைய பெயர் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அவள் பெயருக்குரிய இடத்திலோ "முதற்பெயர் தெரியாது" என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் ஏறுகின்றன. இதற்கு அஞ்சித் தந்தை பெயரை அங்கே எழுதுகிறாள். மணத்துக்குப் பின் கணவன் பெயரை எழுதச் சொல்கிறார்கள். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச் சீட்டில் வேறு பெயர். இரண்டும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்க உறுதிமொழித் தாள்கள். தந்தையின் பெயரோ, கணவனின் பெயரோ, இரண்டுமின்றித் தன் பெயரை மட்டுமோ எதை எழுதுவது என்று அவளிடம் கேட்ட வீடுகள் எத்தனை?