ஒரே ஒரு பந்தயம் ஓடிய எஞ்சின்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் அழைத்தார். இப்போது பட்டறை நடத்துகிறார். "சார், எஞ்சினுக்குப் புது கேம் ஷாஃப்ட் போட்டேன். புஷ்ராடு நீளத்தை மாற்றணும்கிறாங்க, ஏன் சார்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தால் 1994 இண்டியானாபோலிஸ் பந்தயத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நுனி வில்போல வளைந்து இறங்கும், சால் கட்டிய கயிறோ நேராக இறங்க வேண்டும். ராக்கர் ஆர்மும் ஒரு குட்டி ஏற்றம்தான். கேம் ஷாஃப்ட் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனை வால்வை அழுத்தும். ராக்கர் விகிதம் 1.5 என்றால் கேமில் 8 மி.மீ. ஏற்றம் வால்வில் 12 மி.மீ. ஆகிறது.

சிக்கல் எங்கே? வால்வு நேர்கோட்டில் போகிறது, ராக்கர் நுனி வளைவில் போகிறது. அதனால் நுனி வால்வுத் தலையின் மேல் குறுக்கே தேய்த்துக்கொண்டே நகரும். வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கர் வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால் இந்தத் தேய்ப்பு மிகக் குறைவு. புஷ்ராடு சற்று நீளமானாலும் குறைந்தாலும் அந்தக் கோணம் கெடும். வால்வு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அதன் கைடு சீக்கிரம் தேய்ந்துபோகும். கேமின் ஏற்றம் மாறினால் 'பாதி' என்ற இடமும் மாறுகிறது அல்லவா? நீளத்தை மறுபடி அளப்பது அதற்காகத்தான்.

இனி கதை. அப்போது இண்டி 500 பந்தயத்தில் ஓவர்ஹெட் கேம் எஞ்சின்களுக்கு அளவு 2.65 லிட்டர், டர்போ அழுத்தம் 45 பாதரச அங்குலம். பழைய பாணி புஷ்ராடு எஞ்சினுக்கோ 3.43 லிட்டரும் 55 அங்குலமும் சலுகை. சாதாரணக் கார் எஞ்சினைத் திருத்தி ஓட்டும் சிறிய அணிகளுக்காக வைத்த சலுகை அது. 1990-களின் தொடக்கத்தில், எஞ்சின் பிளாக் தயாரிப்புக் காரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இல்மோர் நிறுவனத்தை நடத்திய மாரியோ இல்லியன், பால் மார்கன் இருவரும் இதைக் கவனித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொள்ளளவில் 1.29 மடங்கு, அழுத்தத்தில் 1.22 மடங்கு. பெருக்கினால் ஏறத்தாழ 1.58. இவ்வளவு லாபத்தை ஏன் பலரும் எடுக்கவில்லை? புஷ்ராடு வேகமாகச் சுற்றாது என்ற நம்பிக்கைதான். நீண்ட மெல்லிய தண்டு வேகத்தில் நெளியும், ஸ்பிரிங் பின்தங்கும், வால்வு கேமின் பேச்சைக் கேட்காது.

இல்லியன் கேம் ஷாஃப்ட்டை பிளாக்கின் உச்சிக்குக் கொண்டுபோனார். புஷ்ராடு குட்டையாயிற்று. பத்தாம் வகுப்பில் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்திக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீளம் பாதியானால் நெளியாமல் தாங்கும் வலு நான்கு மடங்கு. விதி கேட்டது புஷ்ராடு, அதன் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

ரோஜர் பென்ஸ்கே பணம் போட்டார். 1993 கோடையில் தொடங்கிய வேலை பரம ரகசியமாக நடந்தது. குளிர்காலத்தில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஓடுதளத்தில் பனியை அள்ளிவிட்டுச் சோதனை ஓட்டினார்கள். போட்டியாளர் மோப்பம் பிடித்தால் அவர்களும் செய்துவிடுவார்கள், அதிகாரிகள் தெரிந்துகொண்டால் விதி மாறிவிடும் என்ற பயம். ஏப்ரலில்தான் மெர்சிடிஸ்-பென்ஸ் பெயரில் வெளியே காட்டினார்கள். திறன் 1000 குதிரைத்திறனுக்கு மேல். ஆனாலும் 500 மைல் தாங்குமா என்று கடைசிவரை கவலைதான்.

மே 29, 1994. அல் அன்சர் ஜூனியர் முதலிடத்திலிருந்து கிளம்பினார். ஆனால் பந்தயத்தை ஆண்டவர் அதே அணியின் எமர்சன் ஃபிட்டிபால்டி, 145 சுற்றுகள் முன்னணியில். 200 சுற்றில் பதினைந்து மட்டுமே பாக்கி. அன்சரையும் ஒரு சுற்று பின்தள்ளிவிட வேண்டும் என்ற வேகத்தில் நாலாம் திருப்பத்தில் சுவரில் மோதினார். இருந்த இடத்தில் இருந்திருந்தாலே ஜெயித்திருப்பார் என்பது என் எண்ணம், ஓட்டுகிறவருக்கு அப்படித் தோன்றாது போல. அன்சர் வென்றார். மூன்றாவது ஓட்டுநர் பால் டிரேசியின் டர்போ பாதியிலேயே போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

அதன்பின் அழுத்தச் சலுகையை 52 ஆக்கினார்கள், பிறகு 48. எஞ்சினின் கதை முடிந்தது. ஒரே பந்தயம், ஒரே வெற்றி. அடுத்த ஆண்டு சாதாரண எஞ்சினோடு வந்த பென்ஸ்கே அணியால் இண்டி 500-க்குத் தகுதிபெறவே முடியவில்லை. வென்ற அன்சரும் வெளியே, ஃபிட்டிபால்டியும் வெளியே.

பட்டறைத் தம்பிக்கு: நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடு ஒன்றும், லேசான ஸ்பிரிங்கும் போட்டுக்கொள். வால்வு நுனியில் மார்க்கர் மை தடவி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்று. மை அழிந்த கோடு அகலமாக இருந்தால் நீளத்தை மாற்றி மறுபடி பார். கோடு நடுவில் விழுகிறதா என்பதைவிட ஒல்லியாக விழுகிறதா என்பதே முக்கியம். பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு.