6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பழைய புல்லட்டின் மின்சார வரலாறு

எங்க வீட்ல ஒரு பழைய புல்லட் இருக்கு. இன்னும் 6 வோல்ட் பேட்டரியிலதான் ஓடுது. அதை 12 வோல்ட்டுக்கு மாத்துறதா வேண்டாமாங்கிறது ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற பேச்சு. "அப்பா, பழைய வண்டி பழசாவே இருந்தாத்தான் மதிப்பு, ஒரு வயரைக்கூடத் தொடாதீங்க" என்கிறான் பட்டணத்துல இருக்கிற மகன். "அண்ணே, ராத்திரி வெளிச்சமே இல்ல, மாத்திப்புடுவோம்" என்கிறார் மெக்கானிக். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. முடிவு பண்றதுக்கு முன்னாடி, இந்த 6 வோல்ட் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

மோட்டார் சைக்கிள் வந்த புதுசுல அதுல மின்சார விளக்கே கிடையாது. கார்பைடு விளக்குதான். மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமா வைக்கிறாங்களே, அதே கார்பைடு கல். அது மேல தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்தா அசிட்டிலின் வாயு வரும், அதைப் பத்த வச்சா வெளிச்சம். பிறகு டைனமோ வந்தது. இங்கிலாந்து வண்டிகள்ல மேக்னெட்டோவும் டைனமோவும் ஒண்ணா இணைஞ்சு இருக்கும். மேக்னெட்டோ ஸ்பார்க் கொடுக்கும், டைனமோ விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும். பேட்டரி செத்துப்போனாலும் வண்டி ஓடும், விளக்கு மட்டும்தான் எரியாது.

அந்தக் காலத்துல ஏன் 6 வோல்ட்? லெட் ஆசிட் பேட்டரியில ஒரு அறைக்கு 2 வோல்ட். 6 வோல்ட்டுக்கு மூணு அறை போதும், பேட்டரி சின்னதா அடங்கும். ஒரு ஹெட்லைட், ஒரு டெயில் லைட், ஒரு ஹாரன், அவ்வளவுதான் வேலை. இன்னொரு நல்ல குணமும் உண்டு. 6 வோல்ட் பல்புல இழை தடிமனா இருக்கும், அதிர்வு தாங்கும். ஒத்தை சிலிண்டர் வண்டி எப்படி அதிரும்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும்.

1950-கள்ல இங்கிலாந்து கம்பெனிகள் ஒவ்வொண்ணா டைனமோவை விட்டுட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறுச்சு. அதே சமயத்துலதான் நம்ம கதையும் தொடங்குது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேணும்னு இந்திய ராணுவம் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஆலை. முதல்ல அங்கிருந்து பாகங்கள் வந்து இங்க பூட்டுனாங்க, கொஞ்ச வருஷத்துல பாகங்களையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. ரெட்டிச் ஆலை 1967-ல மூடியாச்சு. தாய் செத்தும் பிள்ளை பிழைச்ச கதைதான்.

அமெரிக்கக் கார்கள் 1950-கள்லயே 12 வோல்ட்டுக்குப் போயாச்சு. பெரிய இன்ஜினைச் சுத்தி விட 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்குத் தெம்பு பத்தல. இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள் 1960-கள் நடுவுல மாறுச்சு. நம்ம புல்லட்டுக்குக் கிக்கர் இருந்ததால ஸ்டார்ட்டர் அவசரம் கிடையாது. ரொம்ப காலம் 6 வோல்ட்லயே ஓட்டுனாங்க, அப்புறம் திருவொற்றியூர் ஆலையே 12 வோல்ட்டுக்கு மாத்திடுச்சு.

இதுல ஒண்ணு கவனிக்கணும். கார்பைடு, டைனமோ, ஆல்டர்னேட்டர், 6 வோல்ட், 12 வோல்ட்னு மோட்டார் சைக்கிள்ல அடிக்கடி மாறிக்கிட்டே வந்தது மின்சாரம்தான். புல்லட்டோட இன்ஜின் அமைப்பும் அந்தச் சத்தமும் அம்பது வருஷத்துக்கு அதிகமா மாறல. அதனால மின்சாரத்தைத் தொட்டா வண்டியோட உசிரே போயிடும்கிறதை நான் ஒத்துக்கல.

இப்ப கணக்குக்கு வருவோம். 30 வாட் பல்பு 6 வோல்ட்ல எரிய 5 ஆம்பியர் வேணும். அதே வாட் 12 வோல்ட்ல எரிய 2.5 ஆம்பியர் போதும். பழைய வயர், துருப்பிடிச்ச ஜாயிண்ட், தேய்ஞ்ச சுவிட்சு எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருக்குன்னு வச்சுக்குவோம். 6 வோல்ட் வண்டியில அரை வோல்ட் வழியிலயே காணாமப் போகும், பல்புக்கு 5.5 தான் போய்ச் சேரும். வோல்ட் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் ரொம்பக் குறையும். இந்தக் கணக்குல கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம் போச்சு. 12 வோல்ட்ல அதே வயர்ல கால் வோல்ட்தான் நஷ்டம், வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குகூடக் குறையாது. ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தூரமா இருக்கிற கிணத்துக்கு மெல்லிசு கேபிள் இழுத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பத்துல இருக்கிற கரண்ட் மோட்டாருக்கு வந்து சேராது.

ஆனா ஒரு தப்பு நினைப்பு பரவலா இருக்கு. 12 வோல்ட்டுக்கு மாத்துனா ஆல்டர்னேட்டர் தானா அதிகம் கொடுக்கும்னு நினைக்கிறாங்க. கிணத்துல ஊறுற தண்ணிதான் கிடைக்கும், குழாயை மாத்துனா ஊத்து பெருகாது. ஆல்டர்னேட்டர் காந்தம் வயசாகித் தளர்ந்திருந்தா, அதை முதல்ல சரி பண்ணணும். மாத்துறதுன்னா பேட்டரி, பல்புகள், இக்னிஷன் காயில், ரெகுலேட்டர் இவ்வளவும் சேர்த்துத்தான். பேட்டரியை மட்டும் மாத்தினா பல்பெல்லாம் வெடிச்சிடும்.

மாத்தக் கூடாதது ஒண்ணும் இருக்கு. புல்லட் ஹெட்லைட் மேல ஆம்ப்மீட்டர் முள் இருக்கும். வண்டியைக் கிளப்பக் கத்துக்கொடுக்கிற வாத்தியார் அதுதான். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவா அமுக்குனா முள் ஒரு பக்கம் சாயும், பாயிண்ட் திறக்கிற இடத்துல நடுவுக்கு வரும். அந்த இடத்துல டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டு, ஒரே உதை. பாயிண்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா முள் சொல்ற இந்தப் பாஷை போயிடலாம். அதோட, பாயிண்ட் கெட்டா வரப்பு ஓரத்துல உக்காந்து உப்புத்தாள் தேய்ச்சு வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் பெட்டி போச்சுன்னா தள்ளிக்கிட்டுதான் வரணும்.

மகன் சொன்ன மதிப்பு விஷயத்தையும் பாத்தேன். 2021-ல மத்திய அரசு பழமை வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா அப்படிப் பதிஞ்ச வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரிக்குத்தான். கண்காட்சிக்கு வைக்கிறவங்க 6 வோல்ட்டை அப்படியே வச்சுக்கிறதுதான் அழகு. எங்க வண்டி அப்படி இல்ல. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தா மோட்டார் போடப் போகணும். ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயும், அதைச் சுத்திக் கல்லு அடுக்கியிருப்பாங்க. டிப்பர் கட்டின டிராக்டர் பின்னாடி விளக்கு இல்லாம நிக்கும். கல்லு தெரியற தூரத்துக்குள்ள பிரேக் பிடிச்சு நிக்க முடியணும்.

அதனால முடிவு இதுதான். முதல்ல எல்லா ஜாயிண்ட்டையும் சுத்தம் பண்ணி, சேசிஸ்ல எர்த் பிடிக்கிற இடத்தைத் தேய்ச்சு, புது வயரிங். அப்புறம் 12 வோல்ட். சேசிஸ்ல ஒரு ஓட்டைகூடப் புதுசாப் போடக் கூடாதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லியாச்சு. பாயிண்ட்டும் ஆம்ப்மீட்டரும் அப்படியே இருக்கும். கண்ணைக் கூசுற எல்.இ.டி. வேண்டாம், எதிர்ல வர்றவரும் வீடு போய்ச் சேரணுமில்ல. கழட்டுற 6 வோல்ட் சாமான் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் போகுது. நாளைக்கு மகன் பழையபடி ஆக்கணும்னு நினைச்சா ஒரு நாள் வேலை.

தை அறுவடை முடிஞ்சதும் ஆரம்பிக்கிறோம். எந்த வயர் எங்க போகுதுன்னு கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைக்கச் சொல்லி மகன்கிட்டயே வேலை கொடுத்திருக்கேன்.