எது மொழி?

சோரா நீல் ஹர்ஸ்டனை நாவலாசிரியை என்றுதான் பேசுகிறார்கள். நான் சொல்ல வருவது, அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறாத ஒரு புத்தகத்தைப் பற்றி.

அடிமை இறக்குமதியைச் சட்டம் தடுத்து 52 வருசம் கழித்து, 1860இல், குளோட்டில்டா கப்பல் சுமார் 110 ஆப்பிரிக்கர்களைத் திருட்டுத்தனமாக அலபாமாவில் இறக்கியது. அவர்களில் ஒருவரான குட்ஜோ லூயிசை 1927இல் ஹர்ஸ்டன் தேடிப் போனார். கூட உட்கார்ந்து பழம் தின்றார். பெரியவர் பேசினபோது கேட்டார், பேசாதபோது சும்மா இருந்தார். பிடிபட்டது, விற்கப்பட்டது, பிள்ளைகளைப் பறிகொடுத்தது எல்லாத்தையும் அவர் பேசின பேச்சிலேயே எழுதினார்.

வழக்குப் பேச்சு வேண்டாம், 'மொழி'யில் எழுதிக் கொடுங்கள் என்றது வைக்கிங் பதிப்பகம். அப்போ குட்ஜோ பேசினது என்ன? ஹர்ஸ்டன் மாற்றவில்லை. பிரதி கிடப்பில் போனது.

1937இல் வந்த நாவலிலும் கறுப்பு மக்களின் பேச்சையே வைத்தார். அது வெள்ளையரைச் சிரிக்க வைக்கிற வேலை என்று சாடினவர் ரிச்சர்ட் ரைட்; அவரும் கறுப்பர்தான்.

1960இல் ஏழைகளுக்கான அரசு விடுதியில் ஹர்ஸ்டன் செத்தார். புதைத்த இடத்தில் கல்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர்தான் வைத்தார். 'பாரக்கூன்' 2018இல் வந்தது, குட்ஜோவின் பேச்சு மாறாமல்.

ஒருத்தர் கதையை வாங்கிக்கொண்டு அவர் பேச்சைத் திருத்தச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.