நீரிழிவு விழித்திரை நோயும் இதய இறப்பும்

கத்தியின்றி இரத்த நாளங்களைத் தெளிவாகப் பார்க்க உடலில் வாய்த்த இடம் விழித்திரை. கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே வியன்னாவின் எட்வர்ட் யேகர் நீரிழிவாளரின் விழித்திரை மாற்றங்களைப் பதிவு செய்தார். அவற்றுக்கு நீரிழிவுதான் காரணமா என்ற வாதமே நெடுங்காலம் நீண்டதால், இதயத்தோடு உள்ள தொடர்பு பின்னரே கவனம் பெற்றது.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. 2001-இல் தொடங்கிய 'கியூர்ஸ்' ஆய்வு அந்நகரில் 26,001 பேரை ஆராய்ந்தது. நீரிழிவாளர்களின் விழித்திரையைப் படமெடுத்ததில் 17.6 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு இருந்தது. எம். ரேமா, வி. மோகன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விழித்திரை பாதித்தவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் மற்ற நீரிழிவாளர்களைவிடத் தடித்திருந்தது. தமனிகள் விறைப்பாகவும் இருந்தன. மாரடைப்புக்கு இட்டுச்செல்லும் தமனித் தடிப்பின் அடையாளம் இது.

இறப்பைப் பற்றிய சான்று பின்லாந்திலிருந்து 2007-இல் வந்தது. இரண்டாம் வகை நீரிழிவாளர்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், விழித்திரை நோய் இதய, இரத்தநாள நோய் இறப்பை முன்னறிவித்தது.

கண்நோய் இதயத்தைக் கெடுப்பதாக இதற்குப் பொருளில்லை. நீடித்த சர்க்கரை மிகுதி இரண்டு இடத்து நாளங்களையும் சேர்த்தே அரிக்கிறது. தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராததால், பார்வை நன்றாக இருப்பவர் கண் மருத்துவரை நாடுவதில்லை. லேசர் சிகிச்சையால் பார்வை காக்கப்பட்டவருக்கும் இதயப் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான்.