டாக்காவிலிருந்து சென்ற கடிதம்

1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி டாக்கா சர்வகலாசாலையிலிருந்து பெர்லின் நகருக்கு ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் சத்தியேந்திர நாத் போஸ், வயது முப்பது, பௌதிகப் பகுதியில் ரீடர் பதவி. பெற்றவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். கடிதத்துடன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சிறு கட்டுரை ஒன்றும் இருந்தது. அதனைப் படித்துப் பார்த்து, தக்கதென்று தோன்றினால் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும், மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் வராதென்றும் போஸ் எழுதியிருந்தார். முகமறியாத ஒருவர் உலகப் புகழ் வாய்ந்த அறிஞரிடம் இவ்வாறு கேட்பது துணிச்சல்தான். அதை உணர்ந்தே போலும், எழுத்தின் வாயிலாக நாங்கள் எல்லோரும் தங்கள் மாணாக்கர்களே என்ற கருத்துப்பட ஒரு வார்த்தையையும் அவர் சேர்த்துக் கொண்டார்.

அது வெறும் உபசார வார்த்தை அன்று. கல்கத்தாவில் விரிவுரையாளராக இருந்த நாட்களிலேயே, போஸும் அவருடைய வகுப்புத் தோழர் மேகநாத சாஹாவும் ஐன்ஸ்டைனின் சார்புத் தத்துவக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தனர். 1920-இல் கல்கத்தா சர்வகலாசாலை அவற்றை நூலாக வெளியிட்டது. கல்கத்தாவில் வாழும் நம்மவர்களில் பலர் அப்பர் சர்க்குலர் ரோடு என்று முன்பு வழங்கிய, இன்றைய ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலையில் நடந்திருப்பார்கள். அச்சாலையிலுள்ள விஞ்ஞானக் கல்லூரியில்தான் இவ்விருவரும் தாமே படித்துத் தாமே கற்பித்து வந்தனர். 1921-இல் போஸ் டாக்காவுக்குச் சென்றார்.

கட்டுரை எதைப் பற்றியது? கொல்லன் உலையில் இரும்பு காய்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மேலும் காய்ந்தால் வெண்மை. சூட்டுக்கேற்ப நிறம் ஏன் இவ்வாறு மாறுகிறது, எந்த நிறத்தில் எவ்வளவு சக்தி வெளிப்படுகிறது என்ற வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிகத்தால் விடை கூற இயலவில்லை. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் விடை கூறினார். சக்தி நீரைப் போல் ஒழுகுவதில்லை, சில்லறைக் காசைப் போல் தனித்தனிக் கூறுகளாகவே கொடுக்கவும் வாங்கவும் படுகிறது என்று வைத்துக் கொண்டால் கணக்குப் பரிசோதனையோடு முற்றும் பொருந்தியது. அக்கூறே குவாண்டம் எனப்படுவது. 1905-இல் ஐன்ஸ்டைன் ஒரு படி மேலே சென்று, ஒளியே இத்தகைய கூறுகளாக உள்ளது என்றார்.

விடை சரி, வழியில்தான் கோளாறு. பிளாங்கின் சூத்திரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றைப் புதிய குவாண்டக் கொள்கையிலிருந்து வருவித்தார். மற்றொன்றை ஒளி ஓர் அலை என்ற பழைய கொள்கையிலிருந்து எடுத்துக் கொண்டார். ஒரே சுவரில் பாதிக்கு ஒரு நூலும் மீதிக்கு வேறொரு நூலும் பிடித்ததுபோன்ற கட்டிடம் அது. சுவர் நின்றது, ஏன் நிற்கிறதென்றுதான் தெரியவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஐன்ஸ்டைன் முதலியோர் வேறு வேறு வழிகளில் முயன்றும், பழைய கொள்கையின் துணையை முற்றும் விலக்க முடியாமலே இருந்தது. வகுப்பில் மாணவர்களுக்கு இதனைக் கற்பிக்க நேர்ந்த போஸுக்கு இந்த முரண்பாடு உறுத்தியது. மாணவனிடம் மறைக்க முடியாத குறையை ஆசிரியர்தாம் முதலில் உணர்கிறார் என்பது நம் எண்ணம்.

போஸ் அலைகளை அடியோடு மறந்தார். ஒரு கலத்தில் வாயு அடைபட்டிருப்பதைப் போல ஒளித்துகள்கள் அடைபட்டிருப்பதாகக் கொண்டார். துகள்கள் இருக்கக்கூடிய நிலைகள் அனைத்தையும் சிறு சிறு அறைகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அறையின் அளவும் பிளாங்க் மாறிலியின் கனம். எந்த அறையில் எத்தனை துகள் உள்ளது என்று எத்தனை விதமாக அமைக்கலாம் என எண்ணினார். பிளாங்கின் சூத்திரம் முழுவதும் வந்துவிட்டது. அலைக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

விதங்களை எண்ணுவது என்ற உபாயம் புதியதன்று. வியன்னா நகரத்து லுட்விக் போல்ட்ஸ்மான் அதனை முன்பே வகுத்திருந்தார். எண்ணற்ற மூலக்கூறுகள் கொண்ட வாயுவில் ஒவ்வொன்றின் போக்கையும் பின்தொடர இயலாது; ஆயினும் எந்த நிலை மிகப் பல விதங்களில் அமையக்கூடுமோ, அந்த நிலையிலேயே வாயுவை நாம் காண்கிறோம் என்பது அவர் கண்ட உண்மை. 1906-இல் மறைந்த அவருடைய கல்லறையின் மேல் இக்கருத்தைக் கூறும் சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் போஸ் செய்த புதுமை யாது? பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் கொள்வோம். பதினான்கு குழிகளும் வேண்டாம். இரண்டு குழியும் இரண்டு சோழியும் போதும். ஒரு சோழிக்கு ராமன் என்றும் மற்றதற்கு லட்சுமணன் என்றும் பெயரிட்டால், இவற்றை நான்கு விதமாக இடலாம்: இருவரும் இடக்குழியில், இருவரும் வலக்குழியில், ராமன் இடப்புறம் லட்சுமணன் வலப்புறம், லட்சுமணன் இடப்புறம் ராமன் வலப்புறம். இது போல்ட்ஸ்மான் கணக்கு. நான்கில் இரண்டு முறை, அதாவது பாதி, இருவரும் ஒரே குழியில் சேர்ந்திருப்பர். ஆனால் பல்லாங்குழி ஆடும் பாட்டி சோழிக்குப் பெயர் வைப்பதில்லை. குழிக்கு எத்தனை என்றுதான் பார்க்கிறாள். அவள் கணக்குப்படி மூன்றே விதங்கள்: இடக்குழியில் இரண்டு, வலக்குழியில் இரண்டு, குழிக்கு ஒன்று. மூன்றில் இரண்டு முறை சோழிகள் ஒன்றாயிருக்கும். போஸ் எண்ணியது இவ்வாறே.

விளையாட்டில் இது வசதிக்காகச் செய்வது. உற்று நோக்கினால் ஒரு சோழியில் கீறலும் மற்றொன்றில் கறையும் இருக்கும். ஒளித்துகளில் அத்தகைய அடையாளம் எதுவுமே இல்லை. எவ்வளவு நுட்பமான கருவி கொண்டு பார்த்தாலும் இது, அது என்று சுட்ட முடியாது. பம்பாயிலோ டில்லியிலோ தபாலாபீசில் மணியார்டர் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பிய நாட்களில், நாம் கொடுத்த அதே நோட்டுத்தான் தாயாரின் கையில் சேர்ந்ததா என்று எவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அங்கே பொருளும் இல்லை, தொகைதான் உண்டு. ஒளித்துகளும் தொகையைப் போன்றது. நான்கு என்பது மூன்றாகக் குறைந்த இச்சிறு மாற்றத்தால், துகள்கள் ஒன்றோடொன்று சேரும் நாட்டம் உடையனபோல் நடக்கின்றன. அவற்றை ஈர்க்கும் விசை ஏதுமில்லை, எண்ணிக்கையே அப்படி.

இதனைத் தவறிப் பிறந்த கண்டுபிடிப்பென்று கூறுவோர் உண்டு. தாம் செய்தது புதுமை என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை என்றும், போல்ட்ஸ்மான் செய்திருக்கக்கூடியதையே செய்வதாக எண்ணியதாகவும் போஸ் தாமே முதுமையில் அடக்கமாகக் கூறியிருக்கிறார். எனினும் நமக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. துகள்களை விட்டு அறைகளை எண்ண வேண்டுமென்று தேர்ந்தது கை தவறிச் செய்யும் காரியமன்று. தேர்ந்தவர் அதன் முழு ஆழத்தையும் அன்றே கண்டிருக்க வேண்டுமென்பதில்லை.

ஐன்ஸ்டைன் கண்டார். கட்டுரையைத் தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்று தம் குறிப்பையும் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். நான்கு பக்கக் கட்டுரையாக அது 1924-லேயே வெளிவந்தது. போஸுக்கு அவர் எழுதிய தபால் கார்டுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. அதைக் கண்டு சர்வகலாசாலை இரண்டாண்டு விடுமுறை அளித்தது. ஜெர்மன் தூதரகம் கட்டணமின்றி வீசா கொடுத்தது என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. அவர் பாரிசிலும் பெர்லினிலும் தங்கி, 1926-இல் திரும்பி டாக்காவில் பேராசிரியரானார்.

இதற்குள் ஐன்ஸ்டைன் அதே எண்ணும் முறையை அணுக்களாலான வாயுவுக்கும் பொருத்திப் பார்த்தார். வாயுவை மிகக் குளிரச் செய்தால், ஓர் எல்லைக்குக் கீழே அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தாழ்ந்த ஒரே நிலையில் போய்ச் சேர வேண்டும் என்று 1925-இல் எழுதினார். நெடுங்காலம் இது காகிதக் கணக்காகவே இருந்தது. 1995-இல்தான் அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும் ருபீடியம் அணுக்களைத் தனிச் சூனியத்துக்கு மேல் ஒரு டிகிரியின் கோடியில் சில கூறுகளே எஞ்சும் அளவுக்குக் குளிர்வித்து, அந்நிலையைக் கண்ணுக்குக் காட்டினர். 2001-இல் அவர்களுக்கும் வோல்ஃப்காங் கெட்டெர்லேக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போஸ் 1974-இல் காலமாகிவிட்டார். அவருக்கு அப்பரிசு கிட்டவில்லை. ஆனால் ஒரு வகைத் துகள்கள் முழுவதற்கும் போஸான் என்று அவர் பெயரையே இட்டார் இங்கிலாந்தின் டிராக்.

மற்றொரு வகை உண்டு. எலெக்ட்ரான்களும் பெயரற்றவைதாம், எனினும் ஓர் அறையில் ஒன்றுக்கு மேல் புகாதவை. நம் பல்லாங்குழியில் குழிக்கு ஒன்று என்ற ஒரே விதந்தான் அவற்றுக்கு உரியது. 1926-இல் இத்தாலியின் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியே இக்கணக்கை வகுத்தனர்.

இச்செய்தி தமிழ்நாட்டை எட்டிய விதம் சுவையானது. 1928-இல் ஜெர்மன் பேராசிரியர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பிரசிடென்சி கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த, இருபது வயது நிரம்பாத மாணவர் ஒருவர் அவர் தங்கிய ஹோட்டலுக்கே சென்று கண்டார். அவருடைய நூலை முழுவதும் படித்திருப்பதாகவும் சொன்னார். அந்நூலுக்குப் பின் பௌதிகம் அடியோடு மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் கூறி, உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் புதிய முறையில் எண்ணித் தாம் எழுதிய, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியை அவர் கையில் கொடுத்தார். அம்மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையாரின் உத்தியோகத்தால் 1910-இல் லாகூரில் பிறந்த தமிழர். நம்மில் பலருடைய பிள்ளைகளைப் போலப் பிறந்த ஊர் ஒன்றும் சொந்த ஊர் வேறுமானவர்.

1930-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி அவர் பம்பாயில் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களை, அறைக்கு ஒன்றாக நெருக்குண்ட எலெக்ட்ரான்கள்தாம் மேலும் நொறுங்காதபடி தாங்கி நிற்கின்றன என்று அந்நாளில் கூறப்பட்டிருந்தது. எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இத்தாங்குதல் என்னாகும் என்று அவர் கடற்பிரயாணத்தில் கணக்கிட்டார். ஒரு பாரத்துக்கு மேல் அது தாங்காது என்று தெரிந்தது. அந்த எல்லை சூரியனுடைய பாரத்தைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படுகிறது. கேம்பிரிட்ஜை அடையுமுன்பே அவர் கையில் அந்த முடிவு இருந்தது. அதற்குரிய நோபல் பரிசு 1983-இல் வந்தது.